கோமளாவின் இரண்டாவது குரல்

கோமளா லைன் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனி, திருப்பூரில் அவிநாசி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடும் அந்தத் தளத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கோமளாவின் குரல் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகும். பனியனின் கையை இடம் வலம் மாற்றித் தைத்தவரை அவள் தையலைப் பிரிக்கச் சொன்னால், அவருக்கும் கேட்கும், மாடியில் பேக்கிங் செய்பவர்களுக்கும் கேட்கும். வடக்கிலிருந்து வந்தவர்களிடம் வேலை வாங்குவதற்காக இந்தியும் பழகியிருந்தாள். இலக்கணம் கிடையாது, ஆனால் அவள் சொன்னது அவர்களுக்கும், அவர்கள் சொன்னது அவளுக்கும் விளங்கியது. முப்பது வயதாகும் முன்பே அந்த லைன் அவள் கைக்குள் இருந்தது. மேனேஜர்கூட அவளைக் கேட்காமல் ஆள் மாற்றமாட்டார்.

கணியூரில் பிறந்தவள். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நன்றாகவே தேறினாள். நர்சிங் சேர ஆசை இருந்தது. வீட்டில் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. கணவன் சரவணக்குமார் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுபவன். அதிகம் பேசமாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோமளாவே பேசிவிடுகிறாள் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒருநாள் மத்தியானம், டீ குடித்துவிட்டு எல்லோரும் மெஷினுக்குத் திரும்பிய நேரத்தில், டெய்லர் சகாயராஜ் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேலையில் கெட்டிக்காரர். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. யாரோ ஒருவர் குடோன் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். கோமளா அவர் கால்களைப் பலங்கொண்டமட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் செய்ய வேண்டும் என்று அவள் நினைத்தாள். லைன் முழுவதும் சுற்றி நின்றது. யாரோ 108-க்கு போன் போட்டார்கள்.

ஆம்புலன்ஸிலிருந்து பையோடு இறங்கி வந்தது ஒல்லியான ஒரு பெண். கோமளாவைவிட வயதில் சின்னவள். சகாயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் சாவிக்கொத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். காலை விடச் சொன்னாள். தலை இடித்துக்கொள்ளாமல் இருக்க, வெட்டிவைத்த துணிக்கட்டு ஒன்றை அடியில் கொடுத்தாள். இழுப்பு நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்துவிட்டு, மூச்சைக் கவனித்தாள். காற்று வரட்டும், தள்ளி நில்லுங்கள் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அந்த மெல்லிய குரல் யார் காதிலும் ஏறவில்லை. கோமளா எழுந்து நின்று ஒரே ஒரு தரம் சொன்னாள். கூட்டம் கலைந்து அவரவர் மெஷினுக்குப் போய்விட்டது.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "உங்க குரல்ல கொஞ்சம் எனக்குக் குடுங்கக்கா."

சகாயராஜ் கண் விழித்ததும் அவமானத்தில் எழப் பார்த்தார். அவர் எங்கே இருக்கிறார், என்ன நடந்தது என்பதை அவள் நிதானமாகச் சொன்னாள். இது எத்தனையோ பேருக்கு வருவதுதான் என்றாள். கோமளா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தத் தளத்தில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றிருந்தவள் அவள். இப்போது அவளுக்கு வந்தது வெட்கம் அல்ல, பொறாமை. ஸ்ட்ரெச்சர் கூடவே வண்டிவரை நடந்து, எங்கே இதையெல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டாள். திருப்பூருக்கு வெளியே ஒரு காலேஜில் அவசர சிகிச்சைக்கு இரண்டு வருட டிப்ளமோ இருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். வயசு பார்ப்பார்களா என்று கேட்டதற்கு, பயாலஜி படித்திருந்தால் போதும் என்றாள்.

அன்று சாப்பிடும்போது கோமளா விஷயத்தைச் சொன்னாள். சரவணக்குமார் கை கழுவிவிட்டு வந்துதான் கேட்டான்.

"ரத்தத்தப் பாத்தா உனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"தெரியலீங்க. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

மறுவாரம் அவன் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றான். காலையில் அவளைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விடுவதற்காக என்றான். சரி என்று அவன் வாயால் சொல்லவே இல்லை.

கோமளா கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் மற்ற எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவர்கள். முதல் நாளே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் தேர்ந்தெடுக்காமலேயே அவள் வகுப்புத் தலைவி ஆனாள். எலும்புகளின் பெயர்களைப் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போவாள். சரவணக்குமாரின் கேள்விக்கும் சீக்கிரமே பதில் கிடைத்தது. முதல் மாதம் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு நெற்றியில் தையல் போடுவதைப் பார்த்தபோது காதுக்குள் இரைந்தது, சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பாடம் எடுத்த பிரபாகர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுவதற்கு முன்னால் உட்காரத் தெரிந்தவரைப் பற்றித் தனக்குக் கவலை இல்லை என்றார். அடுத்த முறை அவள் உட்காரவில்லை.

பிரபாகர் பல வருடம் விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு ஆசிரியராக வந்தவர். நின்ற இதயத்தை மீட்க நெஞ்சை அமுக்கும் பயிற்சியைப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பையன்கள் கை சோர்ந்து விலகிய பிறகும் கோமளா அமுக்கிக்கொண்டிருந்தாள். "டார்கெட் முடிக்கற மாதிரி அமுக்காதீங்க. நெஞ்சு முழுசா மேல வரட்டும்" என்றார் அவர். அதை உடனே பிடித்துக்கொண்டாள்.

அவளால் பிடிக்க முடியாமல் போனது வேறொன்று. ஒருநாள் விபத்து நடந்த மாதிரி ஒத்திகை வைத்தார்கள். கவின் என்ற மாணவன் அடிபட்டவனாகத் தரையில் கிடந்தான். கோமளா ஓடிப்போய் அவன் தலைமாட்டில் நின்று, பெயர் என்ன, எங்கே வலிக்கிறது, எதில் அடிபட்டது என்று ஒரே மூச்சில் கேட்டாள். அடிபட்டவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். வகுப்பே சிரித்தது.

பிரபாகர் சிரிக்கவில்லை. "கோமளா, பேஷண்ட் உங்க லைன்ல வேலை செய்யறவர் இல்லீங்க. விழுந்து, பயந்துபோய்க் கெடக்கறவர். அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

அன்று வீடு திரும்பும்வரை அவளுக்கு மனசு எரிந்தது. எந்தக் குரலை வைத்து அவள் முன்னுக்கு வந்தாளோ அதையே குறை சொல்லிவிட்டார்கள். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் நேராகப் பிரபாகரிடம் போய், அப்படியானால் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டாள். முட்டி போட்டு உட்காருங்கள், அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சேர்த்தார். "பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க. உங்களுக்குக் கஷ்டம் அதுதான்."

வீட்டில் பழகிப் பார்த்தாள். சரவணக்குமார் வேலை முடிந்து வந்ததும், எதிரே உட்கார்ந்து, இன்றைக்கு வேலை எப்படி என்று தணிந்த குரலில் கேட்டாள். அவன் பயந்துவிட்டான்.

"ஏன், ஒடம்பு சரியில்லையா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் ஊசி உடைந்த கதையை ஆரம்பித்தான். நூல் சரியில்லாததால் துணியில் ஓட்டை விழுந்தது, ஓனர் அவனைத்தான் கேட்டார், அவன் நூல் கோனை எடுத்துக் காட்டிப் பேசினான் என்று கதை நீண்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. இடையில் புகாமல் இருப்பதற்கு அவள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவன் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது. பயிற்சி முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவர்கள் விடவில்லை.

இரண்டாம் வருடம் ஆம்புலன்ஸில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வண்டியில் இருந்த டெக்னீசியன் திருமூர்த்தி அனுபவசாலி, வார்த்தைகளை எண்ணிப் பேசுபவர். காங்கேயம் சாலையில் ஒரு வளைவில், சாயப்பட்டறைக்குத் துணி ரோல்கள் ஏற்றிப்போன மினி லாரி சாய்ந்துவிட்டதாக ஒரு காலையில் அழைப்பு வந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பெரிய கூட்டம். ரோல்களின் மேல் உட்கார்ந்து வந்த லோடுமேன் கீழே விழுந்து, ரோல்கள் அவன்மேல் உருண்டிருந்தன. அவற்றை நகர்த்திவிட்டு, இரண்டு பேர் அவன் கக்கத்தில் கை கொடுத்து ஆட்டோவில் ஏற்றத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திரும்பித் தொங்கியது. இன்னொருவர் சோடா பாட்டிலை அவன் வாயருகே நீட்டினார்.

கோமளா வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்தாள். "தூக்காதீங்க! அப்படியே படுக்க வைங்க!" அதையே இந்தியிலும் சொன்னாள். சாலையின் மறுபுறம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தூக்கியவர்கள் அவனை மெதுவாகக் கீழே விட்டார்கள். சோடாக்காரரை அக்கட்டால தள்ளிப் போகச் சொன்னாள், அவர் போய்விட்டார். வண்டிகளை ஓரம் கட்ட இரண்டு பேரை அவளே நியமித்தாள். திருமூர்த்தி பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வழி பிறந்திருந்தது.

பிறகு அவள் முட்டி போட்டாள். கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால் அவன் தலை அசையாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, "நாம் க்யா ஹை, பையா?" என்று பெயரைக் கேட்டாள். காத்திருந்தாள். அவன் உதடு துடித்தது. பிகாஷ் என்றான். ஒடிசாக்காரன். இந்தி அவனுக்கும் கற்றுக்கொண்ட பாஷைதான். இரண்டு பேரின் ஓட்டை இந்தியும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயிற்று. காலை எடுத்துவிடுவார்களா என்று அழுதுகொண்டே கேட்டான். ஒன்றும் ஆகாது என்ற வார்த்தைதான் அவளுக்கு வாயில் வந்தது. ஆனால் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று படித்திருந்தாள். எனக்குத் தெரியாது, டாக்டர் பார்த்துச் சொல்வார், அதுவரை நான் உன்கூட இருக்கிறேன் என்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுவதை நிறுத்தினான்.

கழுத்துக்குப் பட்டை போட்டதும், கால் அசையாமல் இருக்க அணை வைத்துக் கட்டும் வேலையைத் திருமூர்த்தி அவளிடமே விட்டார். அவள் சுத்தமாகக் கட்டி முடித்து, ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரக் கை காட்டினாள்.

"பாதத்துல நாடி பாத்தீங்களாம்மா?" என்றார் திருமூர்த்தி.

பார்க்கவில்லை. விரல்கள் சில்லிட்டிருந்தன, நாடி தட்டுப்படவில்லை. கணுக்காலுக்கு மேலே போட்ட கட்டு இறுகியிருந்தது. அதை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டி, மறுபடி விரல் வைத்துப் பார்த்தாள். மெல்லத் துடித்தது. திருமூர்த்தி தலையசைத்தார். ஆஸ்பத்திரி போகும்வரை கோமளா ஒரு கையைப் பிகாஷின் பாதத்திலேயே வைத்திருந்தாள். டாக்டர்கள் உள்ளே கம்பி வைத்து அந்தக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். பிறகு ஒருநாள் வார்டில் போய்ப் பார்த்தபோது, பிகாஷ் அவளைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் தன் சூப்பர்வைசர் என்று அறிமுகப்படுத்தினான். வேலைப் பழக்கத்தில் வந்த வார்த்தை அது. அவள் திருத்தவில்லை.

படிப்பை முதல் வகுப்பில் முடித்தாள். இப்போது காங்கேயத்தில் நிற்கும் ஓர் ஆம்புலன்ஸில் அவள்தான் டெக்னீசியன். உத்தரவு கொடுப்பதும் அவள், தவறினால் பதில் சொல்ல வேண்டியதும் அவள். இரண்டும் அவளுக்குப் பிடித்தே இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. வீரன் என்ற விவசாயிக்கு நெஞ்சுவலி. அறுபதைத் தாண்டியவர். கயிற்றுக் கட்டிலில் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தாள், மாத்திரையைச் சவைத்து விழுங்கச் சொன்னாள், ஆக்சிஜன் வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தவர், வண்டியில் ஏற மட்டும் மறுத்துவிட்டார். மனைவி கெஞ்சினார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதட்டினார். கோமளா அவர்களைக் கையமர்த்திவிட்டு, ஏன் வர மாட்டேன் என்கிறார் என்று அவரிடமே கேட்டாள். தன் சாம்பல் நிற மயிலைப் பசு நிறைசினை, இன்றைக்கோ நாளைக்கோ கன்று போட்டுவிடும் என்றார்.

"ஐயா, மாடு கன்னு போட்டதுக்கப்பறம் நீங்க அதப் பாக்கோணும்னா, இப்ப எங்ககூட வரோணுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு பசு நின்ற கட்டுத்தறியைப் பார்த்தார். "செரி, அம்மிணி" என்று கையை நீட்டினார்.

வண்டி ரோட்டுக்கு ஏறியதும் போனை எடுத்து, மாஸ்க்கை இறக்கிவிட்டு மனைவியிடம் பேசத் தொடங்கினார். கோமளா மாஸ்க்கை ஏற்றிவிட்டு, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். அவர் சைகையிலும் முணுமுணுப்பிலும் சொல்லச் சொல்ல, வைக்கோலைக் கனமாக விரிக்க வேண்டும், தீவனத்தைக் குறைக்க வேண்டும், எதற்கும் மாட்டு டாக்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். இடையிடையே நாடியையும் மானிட்டரையும் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது வலி குறைந்திருப்பதாக அவர் விரலால் காட்டினார்.

வலி எப்போது தொடங்கியது, ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை கொடுத்தது எல்லாவற்றையும் டியூட்டி டாக்டரிடம் தெளிவாக ஒப்பித்து அவரை ஒப்படைத்தாள். கிளம்பும்போது திரும்பி வந்து, "அவர் ஊட்ல மாடு நிறைசினைங்க சார். அதப் பத்திப் பேசுனா மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கேட்டுக்கோங்க" என்றாள்.