மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாத பெரிய வெள்ளி

ஜீவனஹள்ளியில் இன்று நிற்கிற மூன்று பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் இரண்டு நான் கட்டியவை. பிரேசர் டவுனில் ஏழு அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் கீழிருந்து மொட்டைமாடி வரை குழாய் இழுத்தவன் நான். விவேக் நகரில், வெறும் பாறை என்று இரண்டு பேர் கைவிட்டுப் போன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் காட்டினேன். எங்கள் சர்ச்சின் பின்புறத் தொட்டியும் என் வேலைதான். அதில் என் பெயரைச் சிமெண்டில் செதுக்கியிருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். படிப்பு நாலாம் வகுப்பு. சிபாரிசு கிடையாது. இன்ஜினியர் நீட்டுகிற பிளானை நான் தலைகீழாகப் பிடித்திருந்தாலும், எந்த மூலைக்குத் தண்ணீர் ஏறாது என்று சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் சர்ச்சின் நூற்றாண்டு மலருக்கு என்னிடம் கேட்டது அப்பாவைப் பற்றி. எழுதிவைத்த பக்கத்தை அச்சுக்கு முன்னால் என்னிடம் காட்டினார்கள். பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு வரி மட்டும் நெஞ்சில் நிற்கிறது.

அப்பா தண்ணீர் இலாகாவில் வால்வு திறக்கிறவர். எங்கள் பகுதிக்கு வருகிற குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று எங்கள் பள்ளத் தெருவுக்கு, மற்றது மேட்டுத் தெருவுக்கு. பள்ளத்தை மூடினால்தான் மேட்டுக்குத் தண்ணீர் ஏறும். மூடாவிட்டால் அங்கே குழாய் வெறும் காற்றைத்தான் ஊதும். தினமும் பகல் ஒரு மணிக்கு அப்பா குழிக்குள் இறங்கி எங்கள் தெருவை மூடி, அவர்களுக்குத் திறந்துவிடுவார். அதற்கான சாவி, என் உயரத்துக்கு மேல் இருக்கும் இரும்புக் கம்பி. மேலே குறுக்காக ஒரு பிடி. அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேடேறும்போது அந்தத் தெருப் பெண்கள், "சிலுவை வருது, குடத்தை எடுங்கடி" என்று சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வராது. அப்பாவுக்கு உபதேசியார் வேலை தருவதாகப் போதகர் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார். அப்பா போகவில்லை. "வெள்ளை ஜிப்பா போட்டுக்கிட்டு ஊழியம் செய்ய வேண்டிய மனுஷன், சேத்துக்குள்ள நிக்கிறாரு" என்று அம்மா யார் வந்தாலும் சொல்லுவாள். "கர்த்தர் என்னைக் கூப்பிட்ட இடம் அந்தக் குழிதான். நான் என்ன பண்ண?" என்பார் அப்பா. வேறு விளக்கம் கிடையாது. ஞாயிறோ கிறிஸ்துமஸோ, அவர் ஒரு ஆராதனையில் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்காவது குழாய் உடைந்ததென்று ஓடிவிட்டு, ஈரக் காற்சட்டையோடு கடைசியில் வந்து வாசல் ஓரம் நிற்பார்.

எனக்குப் பத்து வயதானபோது, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தைத் தனியாகப் பாட என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடிகிற ஆராதனை. என் சரணம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். அப்பா கேட்கவேண்டும், அதுவும் முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கவேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அன்று காலை, கதவுக்குப் பின்னால் இருந்த சாவியை அம்மாவின் பழைய சேலையில் சுற்றினேன். சத்தம் கேட்கக்கூடாதே. இழுத்துக்கொண்டு போய்க் கொல்லை விறகுக்கு அடியில் சொருகினேன். பதினொன்றரைக்கு அப்பா தேட ஆரம்பித்தார். நான் வெள்ளைச் சட்டையோடு நின்று, "நேத்து சாயங்காலம் சர்ச்சுல வச்சியேப்பா" என்றேன். முந்தின நாள் திருவிருந்துக்கு அவர் சாவியோடு வந்தது உண்மை. அதனால் நம்பினார். இன்னொரு சாவி ஆபீசில் இருந்தது. ஆபீஸ் அன்று லீவு, பூட்டிக் கிடந்தது.

சர்ச்சில் பெஞ்சுக்கு அடியில், சுருட்டிவைத்த கோரைப்பாய்களுக்குப் பின்னால், மணிக்கூண்டுப் படியில் என்று தேடினார். கிடைக்குமா? வெளியே போகத் திரும்பியபோது என் சரணத்துக்கு ஆர்மோனியம் எடுத்தார்கள். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தச் சந்தோஷத்தை, பிற்பாடு நான் கட்டிய எந்தத் தொட்டியும் எனக்குத் தரவில்லை.

இரண்டு அடி பாடியிருப்பேன். வாசலில் மேட்டுத் தெருத் தையல்கார பாய் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், அப்பாவை மட்டும் பார்த்தார். அப்பா எழுந்து போனார். பாட்டை நிறுத்தக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்ததால் பாடிக்கொண்டே காதைத் தீட்டினேன்.

"அம்மா போயிட்டாங்க அண்ணே. குளிப்பாட்டணும். அஸர் தொழுகைக்கு எடுக்கணும். குழாயில சொட்டு வரல."

"சாவி காணோம் பாய். நீ வா, குடம் எடு."

பள்ளத் தெருக் குழாயில் பிடித்து, அப்பாவும் பாயும் ஆளுக்கு இரண்டு குடமாக மேடேறினார்கள். ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோதும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பாயின் அம்மாவுக்கு மட்டுமல்ல, அந்தத் தெரு முழுவதற்கும் சுமந்திருக்கிறார் அப்பா. எனக்குக் கோபம். என் சரணம் முடியும்வரை அவர் உட்காரவில்லையே என்று.

சனிக்கிழமை காலை சாவி கதவுக்குப் பின்னால் நின்றது. சேலை மடித்து என் பாட்டுநோட்டின் மேல் வைத்திருந்தது. அம்மா விறகு எடுக்கப் போய்க் கண்டிருப்பாள், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்டுத் தெருவிலிருந்து யாரோ புகார் எழுதிப்போட்டார்கள். பாய் இல்லை, வேறு யாரோ. திங்கட்கிழமை இலாகா மேஸ்திரி வீட்டுக்கே வந்தார், நல்ல மனுஷன். "யாரோ எடுத்துட்டாங்கன்னு எழுதிக் குடுப்பா. நான் பாத்துக்கறேன்."

"எடுத்தவங்க யாருமில்ல சார். விறகு பக்கம் வச்சிட்டு மறந்துட்டேன்."

"இருபது வருஷமா மறக்காதவன் அன்னிக்குத்தான் மறந்தியா?"

நான் கதவருகில் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டு அவரைக் குழி தோண்டுகிற கூட்டத்தில் போட்டார்கள். ரிட்டயர் ஆகும் வரை தோண்டினார். கூலி குறைந்ததால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அவரோடு மண் அள்ளப் போனேன். குழாய் வேலை படிந்தது அங்கேதான். காலை வேலை முடிந்ததும் அப்பா தினமும் ஒரு மணிக்கு மேட்டுத் தெருவுக்குப் போய், புது ஆள் திறந்துவிட்டானா, தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம் அவர் இறந்தபோது தையல்கார பாயின் மகன்கள் கல்லறைத் தோட்டம் வரை தோள் கொடுத்தார்கள்.

என் பாட்டுநோட்டு எது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. எங்கள் வீட்டில் எட்டு நோட்டுகள் இருந்தன. பத்து வயதில் இது எனக்குத் தோன்றவில்லை. தன் ஆயுசு முழுக்கச் செய்த ஊழியத்தை ஒரு மனுஷன் அந்தச் சேலையோடு சேர்த்து மடித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

மலர்க் குழுவுக்குச் சொல்கிறேன். "கவனக்குறைவாகச் சாவியைத் தொலைத்த ஒரு நாள் தவிர, கடமை தவறாதவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு நாள் அப்பாவுடையது இல்லை, என்னுடையது. என் பங்கை எனக்குக் கொடுங்கள். சாவியை ஒளித்தவன் இன்னான் என்று என் பெயரைப் போடுங்கள். தொட்டியில் எவ்வளவு பெரிய எழுத்தோ, அதே அளவில்.