அளந்தவர் சங்கரலிங்கம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டில்லி ஆர்.கே.புரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்களிடம் முன்பு டைப்பிஸ்டாக இருந்த வரதன் சைக்கிளை நிறுத்தி, "சார், விஷயம் தெரியுமோ? நம்ம சங்கரலிங்கம் சார் போயிட்டார். கார்த்தால ஹார்ட் அட்டாக்" என்றார். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இனிமேல் அவரிடம் சொல்ல முடியாதே என்ற பயம்தான் வந்தது. என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

இந்தச் சங்க மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு எங்கள் இருவரையும் தெரியும். எட்டு வருஷம் கூட்டாகக் கன்சல்டன்சி நடத்தினோம். அரசு இலாகாக்களுக்கு ஆய்வு செய்து அறிக்கை கொடுப்போம். அலைவது அவர், எழுதுவது நான். திருநெல்வேலிக்காரர், ஹிந்தியைக்கூட நெல்லை ராகத்தில்தான் பேசுவார்.

ஒரு மருந்தகத்தில் நெரிசலைக் குறைக்க வழி கேட்டார்கள். நான் உட்கார்ந்த இடத்திலேயே வரைபடங்களாகப் போட்டுத் தள்ளினேன். அவர் மூன்று நாள் நோயாளிகளோடு வரிசையில் நின்றுவிட்டு வந்தார். "சீட்டு எழுதுற ஜன்னலும் மருந்து கொடுக்குற ஜன்னலும் எதிரும் புதிருமா இருக்கு வே. ரெண்டு வரிசையும் முட்டிக்கிடுது. அங்க உள்ள பியூன்தான் சொன்னாரு. அவரு பேர அறிக்கையில போடும்" என்றார். போட்டோம். ஒரு ஜன்னலை இடம் மாற்றினார்கள், நெரிசல் தீர்ந்தது. என் வரைபடங்களை யாரும் சீண்டவில்லை. "எல்லாம் தெரியும்னு போனா ஒண்ணும் தெரியாது வே" என்று பல நாள் கேலி செய்தார்.

அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் நாங்கள் இருவரும் சுருக்கொப்பம் இட்ட பிறகே அது வெளியே போகும். அந்த வழக்கத்தை ஒரே ஒருமுறை மீறினேன். நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்துக் குடிசைகளில் இருந்த நம் தமிழ்க் குடும்பங்களை யமுனைக்கு அக்கரையில் குடியேற்ற இடம் பார்த்தார்கள். சங்கரலிங்கம் அங்கே போய் அளந்தார். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரில் கறையைக் காட்டியிருக்கிறார்கள். மண் கொட்டி உயர்த்தாமல் வீடு கட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஜுரத்தில் படுத்துவிட்டார். இலாகாவின் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, அந்த வரி இருந்தால் ஃபைல் ஒரு வருஷம் தூங்கும் என்றார். வரியை நீக்கி, பக்கத்தைத் திரும்ப டைப் செய்து, என் சுருக்கொப்பத்தை மட்டும் போட்டு அனுப்பினேன்.

குடியேறிய முதல் மழையிலேயே வீடுகளுக்குள் சாக்கடை புகுந்தது. வாந்திபேதியில் ஒரு கைக்குழந்தை இறந்தது. விசாரணையில், "சர்வே கிஸ்னே கியா?" என்று, அளந்தது யார் எனக் கேட்டார்கள். "மைனே கியா, சாப்" என்று தானே அளந்ததாகச் சொன்னார் சங்கரலிங்கம். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் மட்டும் இருந்ததைப் பார்த்துவிட்டு, சில விநாடிகள் என் பக்கம் திரும்பினார். நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடிப்படியில் இறங்கும்போது, "ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டேன். கேட்க எனக்கு வெட்கமாக இல்லை பாருங்கள்!

"நீரு சொல்லுவீருன்னு பாத்தேன் வே. தலையக் குனிஞ்சுகிட்டீரு" என்றார்.

அதன் பிறகு அவரை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை. என்னை அழைத்தார்கள், போனேன். ஆறு வருஷத்தில் நானும் அவர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

காரியத்தன்று அவர் மனைவி கோமதியம்மாள் என்னைத் தனியே அழைத்தார். "அவுக அளந்தது தப்பாப் போயித்தான் அந்தப் புள்ள செத்துச்சுன்னு சொல்லுதாங்களே, நெசமா? அவுக கடைசிவரைக்கும் வாயே தொறக்கல. நீங்க கூடவே இருந்தவுக, சொல்லுங்க" என்றார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். 

கூட்டு வேலையில் அவரிடம் கற்ற பாடங்களை எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு எந்தப் பாடமும் வேண்டாம். அவர் நினைவாக என்னிடம் இருப்பது, நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்த அந்தச் சில விநாடிகள்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோமதியம்மா, அவர் சரியாகத்தான் அளந்தார். அந்த வரியை நீக்கியது நான்.