எட்டு எண்ணும் வரை

மலாயாவில், மூவாரிலிருந்து உள்ளே பத்து மைல் தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டத்தில் வெள்ளையம்மா பால் வெட்டினாள். கணவன் வீரமுத்துவுக்கும் அங்கேதான் வேலை. கல்யாணமான ஏழாம் மாதம், 1926இல், அவனுடைய விதவை அக்கா பேச்சியம்மாள் ஊரிலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தாள். வந்த வாரமே பெட்டிச் சாவியும் அடுப்படியும் அவள் கைக்குப் போயின.

வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பதும், வெட்டு முடிந்து வந்து மாவரைப்பதும் வெள்ளையம்மா பாடு. மீன் துண்டு அக்காவுக்கும் தம்பிக்கும். இவளுக்கு வெறும் குழம்பு. வாய் திறந்தால், தன்னைத் தூக்கி வளர்த்தவள், பொறுத்துப் போ என்பான் வீரமுத்து. மூன்று வருடம் பொறுத்தாள். பிறகு நாத்தனார் குரல் கேட்டாலே நெஞ்சு இறுகி மூச்சு முட்டியது. ஒருநாள் வெட்டுக்காட்டிலேயே மயங்கி விழ, கங்காணி தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துச் சோமசேகரம். குழலை வைத்துப் பார்த்தார்.

"நெஞ்சில ஒரு குறையும் இல்லை, பிள்ளை. வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

சொன்னாள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடச் சொன்னார். தான் அதைப் பூசைக்கு முன் ஒருமுறையும், துரை வந்து ஏசிப் போன பின் ஒருமுறையும் செய்வதாகச் சொன்னார்.

மரத்துக்கு மரம் நடக்கையில் இழுத்தாள். கத்தி பட்டையில் இறங்குகையில் விட்டாள். பேச்சியம்மாள் ஏசும்போதும் அப்படியே. பாம்பு போலச் சீறுகிறாள் என்று அவள் தம்பியிடம் முறையிட்டாள்.

இரண்டு மாதத்தில் நெஞ்சு இறுகுவது நின்றது. ஆனால் குழம்பில் மீன் வரவில்லை. மூச்சு சீரான பிறகுதான் அது அவளுக்கு நன்றாகக் கண்ணில் பட்டது. ஒரு மதியம் தட்டைப் பார்த்தபடி எட்டு எண்ணி முடித்துவிட்டு, கணவனிடம் சொன்னாள்:

"நாளையிலேருந்து நான் தனியா பொங்கிக்கிறேன். தண்ணியும் எனக்கு மட்டுந்தான் எடுப்பேன். நீங்க எங்க வேணாலும் சாப்பிடுங்க."

அழுதிருந்தால் அவனுக்கு அதட்டத் தெரிந்திருக்கும். அவள் அழவில்லை. அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அடுப்புக்கு மூன்று கல் வைத்தாள். வீரமுத்து கொஞ்ச நாள் அக்காவிடமே சாப்பிட்டான். பிறகு மதியம் இங்கே, இரவு அங்கே.

1931இல் ரப்பர் விலை சரிந்து தோட்டம் ஆட்களைக் குறைத்தபோது, பேச்சியம்மாள் ஊருக்கே திரும்பினாள். அடுப்பு பிரிந்த நாளிலிருந்து அதுவரை வெள்ளையம்மாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. புறப்படும் காலையில் வெள்ளையம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பேச்சியம்மாள் அதை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினாள்.