எதிர் வரிசையில் காதர் பாய்

காதர் பாய் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில், மதுராந்தகம் வண்டியில், மோட்டார் உதிரிப் பாகங்கள் நிறைந்த மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு, லக்கேஜ் டிக்கெட் விஷயமாக நடத்துநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பாயின் மகன் ரபீக்தான் பேசினான். "அக்கா, அத்தா மவுத்தாயிட்டாரு. காலையில தொழுதுட்டு வந்து குந்துனாரு, அப்டியே சாஞ்சிட்டாரு." எனக்கு வாயில் வந்தது இதுதான்: "அதெப்படிடா? நேத்து சாயங்காலம்கூட என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாரே!" வண்டியே திரும்பிப் பார்த்தது. நடத்துநர் டிக்கெட்டைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் முன்பக்கம் போய்விட்டார்.

முதல் நாள் சாயங்காலம் அவர் திட்டியது என் கடை வாசலில் கிடந்த பைப்புகளுக்காக. நடைபாதையில் பாதியை அவை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. "செவ்வாக்கெழம சபையில கேப்பேன் தலைவரம்மா. பதிலோட வா. பதில் இல்லன்னா லீவு போட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது அவரே லீவு போட்டுவிட்டார்.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். மீதிப் பேர் அவருடைய டேக்சாவில் வெந்த பிரியாணியைச் சாப்பிட்டவர்கள். இருந்தாலும் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மதுராந்தகம் கடைத்தெருவில் சாமியானா, நாற்காலி, மைக் செட், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவருடையது. அதே தெருவில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கும் நான் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அவர் எதிர்க்கட்சித் தலைவர். அப்படி ஒரு பதவி நம் சங்க விதியில் கிடையாது. அவரே உண்டாக்கினார், அவரே ஏறி உட்கார்ந்தார், கடைசிவரை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடக்கம் அவருடைய சொந்த ஊரான கடப்பாக்கத்தில் நடந்தது. வாசலில் போட்டிருந்தவை அவருடைய நாற்காலிகள்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் பெயர். ரபீக் அழுதுகொண்டே போட்டதில், கைப் பழக்கத்தில் எதிரெதிராக இரண்டு வரிசை போட்டுவிட்டான். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். அவரிடம் மைக் எடுக்காத கட்சி இந்தப் பக்கத்தில் ஏது? வருடக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு வட்டாரப் பெரும்புள்ளிகள் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். முதலில் ஒருவர் செருப்பைப் பார்த்தார், மற்றவர் செல்போனைப் பார்த்தார். அப்புறம் "சர்க்கரை எப்படி இருக்குது?" என்று ஒருவர் கேட்க, "மாத்திரையில ஓடுது" என்று மற்றவர் சொல்ல, மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கும் வரை ஒரே பேச்சு. பாய் உயிரோடு இருந்திருந்தால் எழுந்து நின்று கை தட்டியிருப்பார்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது ரபீக் வந்து கேட்டான். "செவ்வாக்கெழம சங்கக் கூட்டத்துக்கு நாற்காலி வந்துடும்க்கா. ஆனா எப்டி போடறது? அந்தப் பக்கம் குந்தறதுக்குத்தான் ஆள் இல்லையே. எல்லாத்தையும் ஒரே பக்கமா பாத்து போட்டுடவா?" "அப்புறம் சொல்றேன்டா" என்று வண்டி ஏறிவிட்டேன். அந்தக் கேள்வி என்னை ஏன் அப்படித் தைத்தது என்பது பாயைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

எங்கள் சங்கத்தில் ஆதியில் தேர்தல் என்றால் கைதட்டல். முந்தைய தலைவர் முட்டி வலி என்று விலகியபோது யாரோ "செல்வியக்கா இருக்கட்டும்" என்றார்கள், கை தட்டினார்கள், நான் தலைவராகிவிட்டேன். தீர்மானமும் அப்படித்தான். நான் படிப்பேன், தட்டுவார்கள், போண்டா வரும். இது பாய்க்கு வயிற்றெரிச்சல். கூட்டம் எப்போதும் அவருடைய குடோனில்தான். ஒருநாள் போனால், அங்கே மேடையைக் காணோம். நடுவில் வழி விட்டு, எதிரும் புதிருமாக நாற்காலிகள். டிவியில் லண்டன் பார்லிமென்ட் சபையைப் பார்த்தாராம். அங்கே இரண்டு தரப்புக்கும் நடுவே இரண்டு வாள் நீளம் இடைவெளி விடுவது வழக்கம் என்று யாரோ சொன்னார்களாம். "வாளுக்கு எங்க போறது? நம்மகிட்ட கரண்டி கீது" என்று இரண்டு பிரியாணிக் கரண்டிகளைத் தரையில் நெடுக வைத்து அளந்திருந்தார். "எல்லாரும் மேடையப் பாத்துகினு குந்துனா அது பொதுக்கூட்டம். மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துகினு குந்துனாத்தான் அது சபை." நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம் போய் நெருக்கி உட்கார்ந்தோம். எதிரே அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவர் மட்டும், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் வைப்பதில் ஆரம்பித்து, சங்கத்து டீ ஏன் ஆறிப்போய் வருகிறது என்பது வரை கேள்வி நேரம். பதில் பிடிக்கவில்லை என்றால் வெளிநடப்பு. குடோன் அவருடையது என்பதால் அந்த வெளிநடப்பில் ஒரு சங்கடம் இருந்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் கோபமாக வெளியே போனவர், சொந்த குடோன் வாசலில், தன் சாமியானாத் துணியையே தலையில் போர்த்திக்கொண்டு நனைந்தபடி நின்றார். "உள்ள வாங்க பாய், சளி புடிச்சுக்கும்" என்றேன். "நீ பதில மாத்து, நான் வரேன்." நான் மாற்றவில்லை. அவரும் வரவில்லை. போண்டா வந்தபோது மட்டும் அவைக் குறிப்பில் ஏறாமல் உள்ளே வந்து, இரண்டு எடுத்துக்கொண்டு, மறுபடி வெளிநடப்பு செய்தார்.

ஒருமுறை எங்களையெல்லாம் தன் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் போனார். அங்கே சோழர் காலத்துக் கல்வெட்டில் குடவோலைத் தேர்தல் பற்றிப் போட்டிருக்கிறதே, அதைக் காட்டத்தான். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவுக்காரர்களும் தேர்தலில் நிற்கக் கூடாது என்று அதில் இருப்பதைக் கேட்டதும் துள்ளிக் குதித்தார். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தால் எங்கள் தெருவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. பொருளாளர் போன வருடக் கணக்கை இன்னும் வைக்காததால் அந்த ஒரே காரணத்துக்குத் தெருவே தகுதி இழந்தது. மிஞ்சியது பாயும், புதிதாக வந்த ஒரு செல்போன் கடைக்காரரும்தான். அவருக்குத் தமிழ் அரைகுறை. பாய் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "சோழருங்க ரொம்ப ஸ்டிரிக்ட்டு தலைவரம்மா. நம்மால ஆவாது."

ஆனால் குடத்தை விடவில்லை. இனி ரகசிய ஓட்டுதான் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தார். குடத்துக்கு வாய் சிறியதாக இருக்கிறதென்று டேக்சாவைக் கொண்டுவந்து வைத்தார். தலைவர் பதவிக்கு அவரும் நானும் போட்டி. ஓட்டுச் சீட்டெல்லாம் பட்டை, கிராம்பு வாசனையோடு வெளியே வந்தன. எண்ணினால், அவருக்கு இரண்டு ஓட்டு. மனிதர் தோற்ற முகத்தோடா இருந்தார்? தெரு முழுக்க அல்வா கொடுத்தார். "நேத்து வரைக்கும் நான் ஒருத்தன். இன்னிக்கு ரெண்டு பேரு. எந்தக் கட்சிம்மா ஒரே நாள்ல டபுள் ஆச்சு?" எனக்கோ தலை வெடித்தது. யார் அந்த இன்னொருவர்? கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சீட்டுகளைக் கேட்டேன். பாய் அத்தனையையும் வாரி அடுப்பில் போட்டுவிட்டார். "ஓட்டு போட்டவன் பயந்துகினு கெடந்தா அடுத்த தடவ போட மாட்டான்" என்றார். கடை எங்கள் இருவர் பெயரிலும் இருப்பதால் என் வீட்டுக்காரருக்கும் ஓட்டு உண்டு. அன்று சாப்பாட்டுக்கு உட்காரும்போது, நான் ஒன்றுமே கேட்காமலே, "சாமி சத்தியமா நான் இல்ல செல்வி" என்றார் அவர்.

நடைபாதைக் கடைகளின் விவகாரத்தை மறக்க முடியாது. பூ, கீரை, கருவாடு விற்கும் பெண்களைப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அனுப்ப வேண்டுமென்று தீர்மானம். பாய் எழுந்தார். அவர் பேசி முடிக்கும் வரை ஓட்டெடுப்பு கூடாது என்பது அவரே போட்ட விதி. ஆகவே முடிக்கவே இல்லை. டீ ஆறியது, போண்டா கல்லானது, பொருளாளர் தூங்கிவிட்டார். சாராம்சம் இவ்வளவுதான்: "யாரப் பத்திப் பேசறோமோ அவங்க இங்க இல்ல. அப்பறம் இது இன்னா சபை?" எல்லோருக்கும் பசி எடுத்ததால் ஒத்திவைத்தோம். அடுத்த கூட்டத்தில் கூடுதல் நாற்காலிகள் போட்டு அந்தப் பெண்களை அழைத்து வந்துவிட்டார். அவர்கள் உட்காரவில்லை, முதலாளிகள் முன்னால் எப்படி என்று சுவரோரம் நின்றார்கள். பூக்கார முனியம்மாதான் கேட்டது: "குந்துனா வாடகை கேப்பியா பாய்?" "ஓட்டு போடறவங்களுக்கு வாடகை இல்ல, குந்து." அன்று அவர்கள் உறுப்பினர்களானார்கள். தீர்மானம் தோற்றது. அவர்களும் நன்றி மறக்காமல் அடுத்த ஓட்டெடுப்பிலேயே பாய் கொண்டுவந்த வேறொரு தீர்மானத்தைக் கூண்டோடு தோற்கடித்தார்கள். பாய் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இதான் ஜனநாயகம். சரிதான். ஆனா வயிறு எரியுது."

இதையும் சொல்லியாக வேண்டும். நான் வாய்த் துடுக்குக்காரி. ஒருமுறை நான்கைந்து பேர் என்மேல் கோபமாகி, டீக்கடையில் கூடி, என்னைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட முடிவு செய்தார்கள். பாயிடமும் போனார்கள். எதிர்க்கட்சிதானே, சந்தோஷப்படுவார் என்று கணக்கு. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் கத்தியது என் கடை வரை கேட்டது. "அந்தம்மாவ எதுக்கறது என் வேல! நீங்க யாருடா? சொல்றத சபையில வந்து அது மூஞ்சிக்கு நேரா சொல்லு. டீக்கடையில ஆட்சிய மாத்துவீங்களா?" அன்று பைப் அடுக்குக்குப் பின்னால் நின்று நான் அழுதேன். மறுநாள் கேள்வி நேரத்தில் அவர் என்னைப் பிழிந்து எடுத்தார், அது வேறு விஷயம்.

செவ்வாய்க்கிழமை வந்தது. ரபீக்கிடம் நான் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. குடோனுக்குப் போனால், அவனாகவே இரண்டு கரண்டி நீளம் அளந்து எதிரெதிராகப் போட்டிருந்தான். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல ஒரு பக்கம் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் முழுக்கக் காலி. இதோ, இன்றோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் படிப்பேன், இவர்கள் தட்டுவார்கள். ஒருகாலத்தில் எவ்வளவு சௌகரியமாக இருந்தது அது! இப்போது அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது.

இரங்கல் தீர்மானத்தைப் படித்தேன். ஆதரிப்போர் என்றேன், எல்லாக் கையும் உயர்ந்தது. வாய்ப் பழக்கத்தில், எதிர்ப்போர் என்றும் கேட்டுவிட்டேன். "நான் கீறேன் தலைவரம்மா" என்ற குரல் வர வேண்டிய இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பொருளாளர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போது முனியம்மா எழுந்தாள். பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நடுவழியைக் கடந்து, பாயின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "இன்னாம்மா, இரங்கலுக்கே எதிர்ப்பா?" என்று யாரோ அதட்டினார்கள்.

"அதுக்கு யாரு எதிர்ப்பு? அது பாஸாயிடுச்சு. நான் அடுத்ததுக்கு வந்து குந்திக்கினு கீறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "செல்விம்மா, பாய் கேக்க இருந்தத நான் கேக்கறேன். நடபாதையில பைப்ப போட்டு வெச்சிகினு கீறியே, எப்ப எடுப்ப? நான் கூடைய வெக்கறதுக்கு எடம் வோணாமா?"

குடோனில் ஒரே சிரிப்பு. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து நின்று, "நாளைக்கே எடுத்துடறேன்" என்றேன். "நாளைக்குன்னா காலையிலயா, சாயங்காலமா?" என்று துணைக் கேள்வி வந்தது.

காலையிலேயே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது முனியம்மாவின் மல்லிகை இருக்கிறது. பாய் போனபின் அவருடைய நாற்காலியும் கரண்டியும் ரபீக்கிடம், கேள்விகள் முனியம்மாவிடம். எனக்கென்று அவர் வைத்துவிட்டுப் போனது பயம்தான். செவ்வாய்க்கிழமை நெருங்க நெருங்க வரும், என்ன கேட்பார்களோ என்ற அந்த நல்ல பயம். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் பாய்.