அப்பாவின் கைநடுக்கம்

கொரோனாவிலிருந்து தேறிய சில வாரங்களில், அப்பாவின் கையிலிருந்த காபி டம்ளர் ஆடியது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே நான் வேவுக்காரியாக நியமிக்கப்பட்டேன்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. நெல்லிக்குப்பத்தில் குடியிருந்தோம். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். ஒரு காலத்தில் குடித்தவர். முந்தைய ஆண்டுதான் அம்மன் கோயில் பூசாரியிடம் கயிறு கட்டிக்கொண்டு குடியை நிறுத்தியிருந்தார். கயிறு கட்டிக்கொண்டவர் மறுபடி குடித்தால் சாமி சும்மா விடாது என்பார்கள். சாமி விட்டாலும் அம்மா விடமாட்டாள். குடித்தால் என்னைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துத் தாய்வீட்டுக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றே உண்டு. மனதில் குறித்துக்கொண்டேன்: கை நடுங்குகிறது. ஃபேனுக்கடியிலும் வியர்க்கிறது. தூக்கமில்லை. நிறையச் சாப்பிட்டும் சட்டை தொளதொளக்கிறது. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார்.

ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியிருந்ததால் என் சந்தேகம் சானிடைசர் பாட்டிலின்மேல் விழுந்தது. பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மறுநாளே கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து வந்துபோகும் மாமா, அதை முழங்கைவரை ஊற்றிக்கொள்வார் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஒருநாள் அப்பா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். “கழுத்து வலிக்குது. முழுங்கினா காது வரைக்கும் இழுக்குது.”

“உள்ள போனது சும்மா உடுமா?” என்றாள் அம்மா.

“குடிக்கலடி. பாப்பா மேல சத்தியம்.”

“அவ மேலயா? அவதான் பாட்டிலுக்குக் கோடு போட்டு வச்சிருக்கா, போய்ப் பாருங்க.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்த முறை வந்த மாமா நேராக விசாரணையில் இறங்கினார். “வாயை ஊது மச்சான்.” அப்பா ஊதினார். மாமா முகர்ந்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். “வாசனையே வரலியே. அதான் எனக்கு ஜாஸ்தி சந்தேகமா இருக்கு.”

அம்மா பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். அப்பா வாதாடவில்லை. மறுநாள் அவளோடு கோயிலுக்குப் போய், இன்னொரு கயிற்றுக்குக் கையை நீட்டினார். அது ஒப்புதல் வாக்குமூலம் என்றே எடுத்துக்கொண்டேன். துணிகள் அலமாரிக்குத் திரும்பின.

கயிறு வேலை செய்தது. மெல்ல மெல்ல நடுக்கம் நின்றது, கோபம் அடங்கியது. பகலிலும் தூங்கினார். உடம்பு பூசினாற்போல் ஆனது. அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். மாமா சிதம்பரம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். நானும் வேவு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போது லேப் டெக்னீசியன் பயிற்சியில் இருக்கிறேன். கொரோனாவுக்குப் பின் சிலருக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்த ஹார்மோனை ரத்தத்தில் கொட்டிவிடும். உடம்பு தறிகெட்டு ஓடும். இருப்பு தீர்ந்ததும் உடம்புச் சூடு உட்பட எல்லாம் மந்தமாகிவிடும். அப்பாவின் ஆட்டமும் அடக்கமும் ஒரே நோயின் இரு பாதிகள். கடலூரில் ஒரு டாக்டர் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரியவந்தது.

அதற்கு முன்பு ஒரு புரட்டாசி மதியம். தார்ச்சாலை உருகும் வெயில். அப்பா வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை முகர்ந்து பார்க்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னாப்பா, இந்த வெயில்ல போர்வை?”

“குளிருதுடா பாப்பா.”

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும், சற்றுத் தாமதமாக, சிரிக்க முயன்றார். அப்பா பழையபடி வேடிக்கையாகப் பேச ஆரம்பித்துவிட்டார் என்று சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.