மூன்று போத்தல் கலங்கல் தண்ணீர்

இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். பசறையிலிருந்து மடுல்சீமைக்குப் போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைக் காணி இருக்கிறது. பதுளையில் கடை வைத்திருந்த என் கணவர் வாங்கிப் போட்டது. அவர் காலமான பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டுக் காணியை நானே பார்க்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையாட்களைக் கேட்டால், ‘கொஞ்சமா?’ என்பார்கள்.

காணியின் மேட்டில் ஒரு சின்னக் குளம். ஓடையை மறித்து மண்ணால் எழுப்பிய அணை. ‘கட்டு’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். கோடையில் நாற்று மேடைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அதுதான் தண்ணீர். கட்டுக்கு நேர் கீழே, வேலையாட்களின் குடும்பங்கள் இருக்கிற எட்டு வீட்டு லயம். கட்டின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். லயத்துப் பெண்கள் அதில்தான் துணி துவைப்பார்கள்.

அந்த வருடக் கோடையில் நாற்றெல்லாம் காய்ந்து நொந்து போயிருந்தேன். அதனால் மழை தொடங்கியதும், குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற வான் வாய்க்காலில் இரண்டு வரிசை மண் மூட்டை அடுக்கச் சொன்னேன். குளம் இன்னும் ஒரு முழம் உயர்ந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, கொழுந்து பறிக்கிற பெண்ணொருத்தி வந்து நின்றாள். லயத்தில் கடைசி வீடு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. கையில் பிள்ளையின் வெள்ளைச் சட்டை, பழுப்பேறிக் கிடந்தது.

“கட்டுக்கடியில வர்ற தண்ணி கலங்குதுங்கம்மா. எப்பவும் கண்ணாடி மாதிரி வரும். இப்ப மண்ணா வருது.”

“மழை பெஞ்சா கலங்காதா? சோப்ப மாத்திப் பாரு” என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சுண்டிப்போனது. சட்டையைச் சுருட்டிக்கொண்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள்.

நான்காம் நாள் மறுபடியும் வந்தாள். இந்த முறை மூன்று போத்தல்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

“இது முந்தாநாத்து. இது நேத்து. இது இன்னைக்குக் காலையில. ஒரே எடத்துல புடிச்சேன். அடியில பாருங்க.”

முதல் போத்தலின் அடியில் நகக்கனம் மண். மூன்றாவதில் ஒரு விரற்கடை.

“நேத்தும் இன்னைக்கும் மழையே இல்லீங்கம்மா” என்றாள்.

மழையில்லாமல் மண் வருகிறதென்றால் அது கட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. கட்டு உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது!

ஓடிப்போய்ப் பார்த்தேன். கசிவெல்லாம் இல்லை, கொட்டிக்கொண்டிருந்தது. களிமண்ணை வைத்து அடையுங்கள் என்று ஆட்களிடம் கத்திக்கொண்டே, தெரிந்த நீர்ப்பாசன அதிகாரி ஒருவருக்குப் போன் பண்ணினேன். யாழ்ப்பாணத்துக்காரர். பதறிப்போனார்.

“ஐயோ அம்மா, அடைச்சுப் போடாதேங்கோ! ஒரு வழியை அடைச்சா அது இன்னொரு வழி தேடும். தண்ணி வரட்டும், மண் வரக்கூடாது. மணலைக் கொட்டி, மேல சல்லியைப் போடுங்கோ. அதுக்கு முதல் கீழ இருக்கிற சனத்தை எழுப்புங்கோ. குளத்தை இறக்குங்கோ. நான் வாறன்.”

ஆட்கள் மணலும் சல்லிக்கல்லும் கொட்ட, போத்தல் கொண்டுவந்த அவள்தான் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளப்பினாள். மேட்டுக் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் விட்டோம். குளத்து மதகைத் திறக்கலாமென்றால் அது எந்தக் காலத்திலோ துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்தது. பராமரிக்க வேண்டியவள் நான்தான், யாரைத் திட்டுவது? வான் வாய்க்காலில் அடுக்கிய மூட்டைகளை நானே இறங்கி இழுத்துப் போட்டேன். ஒரு முழம் இறங்கியது. அதற்குமேல் இறங்க வழியில்லை.

“தோட்டத்துக் குழாய் இருக்குல்லங்கம்மா?” என்றாள் அவள்.

அட, அது தோன்றவில்லையே! மேட்டுக் குளத்தில் குழாயின் ஒரு முனையைப் போட்டு, பள்ளத்து முனையை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானே இறங்கும். மரக்கறித் தோட்டத்துக்கு அப்படித்தானே பாய்ச்சுகிறோம். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தும் குழாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்துக்குள் பதினான்கு குழாய்கள் கட்டைத் தாண்டி, லயத்துக்கு அப்பால் ஓடைப் பக்கமாகத் தண்ணீரை இறக்கின. நானும் ஒரு குழாயை உறிஞ்சினேன். வாய் நிறையச் சேறு.

இதற்கிடையில் விஷயம் கேள்விப்பட்டுக் கொழுந்தனார் போனில் குதித்தார். “வானம் குடுத்த தண்ணிய யாராச்சும் தொறந்து விடுவாங்களா? பைத்தியமா அண்ணி ஒங்களுக்கு?”

“ஆமா, பைத்தியந்தான். வைங்க போனை” என்றேன். குளம் வற்றும்வரை அந்த இடத்தைவிட்டு அசைவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்று நாளாயிற்று. நடுவில் மழை வேறு. யாரும் குழாயை விடவில்லை. தண்ணீர் இறங்க இறங்க, கட்டின் உட்பக்கம் தெரிந்தது. கட்டின்மேல் முளைத்து, நான் வெட்டாமல் விட்டு வைத்திருந்த கொய்யா மரத்தின் வேருக்குக் கீழே ஒரு பொந்து. அவள் குனிந்து கையை விட்டாள். முழங்கை போனது. தோள்வரை போனது. இன்னும் முடிவு எட்டவில்லை.

“கைய எடுடி!” என்று அலறினேன். வந்து நின்ற அதிகாரி, இன்னும் சில நாள் விட்டிருந்தால் கட்டே உடைந்து லயத்தை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார். மண்டபத்திலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த லயத்துச் சனம் பிள்ளைகளைக் கிட்டப் போகவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

எல்லோருக்கும் முன்னால் அவளிடம் கேட்டேன். “அன்னைக்கு ஒன்ன அப்படிப் பேசினேனே, மறுபடி எதுக்கு வந்தே?”

“ஏச்சு கேட்டா மனசு நோவுந்தாங்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும். கட்டு போயிருந்தா எம் புள்ளைங்க திரும்பி வருமாங்க?”

சேறு படிந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய? அதிகாரி சொன்னபடி அந்த மரத்தை எடுத்து, கட்டை வெட்டித் திருத்தி, புது மதகு வைத்த பிறகுதான் லயத்துக்கு ஆட்களைத் திரும்ப விட்டேன். குளத்தில் இப்போது முன்பு போல் தண்ணீர் தேக்குவதில்லை. நாற்றைக் குறைத்துக்கொண்டேன்.

அவளும் ரோஷக்காரிதான், அன்று அந்த ரோஷத்தோடு வீட்டிலேயே இருந்திருந்தால் எட்டு வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன், அதனால் யார் வந்து எதைச் சொன்னாலும், அவர் இரண்டாம் முறை வரும்படி வைக்காமல், இப்போதெல்லாம் உடனே எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன்.