உச்சிகால பூஜையில் ஒரு டவுன்லோடு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். இறுதியாண்டு புராஜெக்டுக்கு எல்லா பேட்சும் சீனியர்களிடம் வாங்கிய அதே 'பே ரோல்' என்கிற சம்பளப் பட்டியல் சாஃப்ட்வேரைப் பெயர் மாற்றிக் கொடுக்கத் தயாராக இருந்தது. நான் மட்டும் ஹெச்.ஓ.டி. முன்னால் எழுந்து நின்று, "நாங்க லினக்ஸ்ல வெப் சர்வர் போடுறோம் சார். லேப்ல எந்த கம்ப்யூட்டர்ல உக்காந்து பார்த்தாலும் பசங்க மார்க் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். 'நாங்க' என்றதில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் புராஜெக்ட் கூட்டாளி. ஆண்டிமடத்துக்காரன், முந்திரித் தோப்பு வீட்டுப் பையன். அவனிடம் நான் கேட்கவே இல்லை.

"எனக்கு ஏன்டா ஆப்பு வச்ச?" என்றான் வெளியே வந்ததும்.

"ஃப்ரீ சாஃப்ட்வேர்டா மாப்ள. காசு கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது."

"சொல்லிக் குடுக்க ஆளும் கிடையாது."

அவன் சொன்னது சரி. பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸை ஏற்றினோம். சர்வர் ஓடியது. ஆனால் நாங்கள் மார்க் போட்டு வைத்திருந்த ஃபோல்டரைக் கேட்டால் மட்டும், 'பார்க்க உனக்கு அனுமதி இல்லை' என்று இங்கிலீஷில் கைவிரித்தது. நான் போட்ட ஃபோல்டர், நான் டைப் அடித்த மார்க், எனக்கே அனுமதி இல்லையாம்! ஒரு மாதம் மாற்றி மாற்றி என்னென்னவோ தட்டிப் பார்த்தோம். அசையவில்லை.

சிடியிலேயே மேனுவல் இருந்திருக்குமே என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடம் பத்தாது என்று, ஏற்றும்போது அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டது அடியேன்தான். யாருக்கு வேணும் மேனுவல் என்று வேறு சொன்னேன். நான் அதைத் தேடிப் போவதற்குள் அந்த சிடி ஹாஸ்டல் மொட்டை மாடியில், காயப்போட்ட வடகத்துக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தது.

ஹெச்.ஓ.டி. கெடு வைத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வர்றாரு. வியாழக்கிழமைக்குள்ள ஓடலைன்னா பேசாம பே ரோலைக் கொண்டாந்து குடுத்துட்டு பாஸ் ஆவுற வழியப் பாருங்க. ஊருக்கு முந்தி மார்தட்டினவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

பாஸ் ஆகிவிடலாம். அதுவல்ல பிரச்சினை. வகுப்பே சிரிக்கும். பே ரோல் கொடுப்பவர்களை ஒரு மாதமாக 'குமாஸ்தா, குமாஸ்தா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது நான்.

லேபில் இண்டர்நெட் கிடையாது. கல்லூரியில் ஒரே ஒரு மோடம், அது முதல்வர் அறையில் கவர் போட்டு மூடியிருக்கும். எனவே மேனுவலை வெளியிலிருந்து தூக்கிவர வேண்டும். புதன்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். மேனுவல் பக்கத்தைத் திறந்து, ஃப்ளாப்பியில் சேமித்து, ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தோம். "இவ்ளோதான் மேட்டரு" என்று கூட்டாளிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் லேபில் திறந்தால் அழகான பொருளடக்கம். நூற்றுச்சொச்சம் தலைப்பு. எதைத் தட்டினாலும் பக்கம் கிடைக்கவில்லை என்றது. நான் சேமித்தது அந்த ஒரு பக்கத்தை மட்டும்.

"கல்யாணப் பந்தி மெனு கார்டை மட்டும் கடிச்சிட்டு வந்துட்டியேடா" என்றான் கூட்டாளி. "என் பரோட்டாவாவது மிச்சம்."

முழு மேனுவலையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பொருளடக்கத்தின் அடியில்தான் எழுதியிருந்தது. நான்கு மெகாபைட். அப்போதைய போன் லைனில் இருபது நிமிட வேலை, நடுவில் லைன் அறுந்தால் முதலிலிருந்து. பெரம்பலூர் சென்டர்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "மெயில் பாருங்க, ஜாதகம் பாருங்க. டவுன்லோடு மட்டும் வேணாங்க. போன வாரம் ஒருத்தன் பண்ணி வைரஸ் வந்து ரெண்டு நாள் கடை மூடிக் கெடந்துச்சு."

கூட்டாளிக்குத் தாய்மாமா ஒருவர் சிறுவாச்சூரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். ஜெராக்ஸ் உண்டு, மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. செவ்வாயும் புதனும் மாடல் எக்ஸாம் என்பதால் திங்கட்கிழமை கட் அடித்துவிட்டு இரண்டு கிலோ முந்திரியோடு போய் இறங்கினோம்.

சிறுவாச்சூர் அம்மன் கோயில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். இது இந்த ஜில்லாவில் பால்குடி பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் ஒரு சர்வர் மேனுவலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த மடையனுக்குத் தோன்றும்? பூத்தில் இருந்தது ஒரே போன் லைன். அதில்தான் இண்டர்நெட், அதில்தான் சேலத்துக்கும் கடலூருக்கும் பேசுகிற பக்தகோடிகள்.

முதல் தடவை பதினெட்டு சதவீதத்தில் ஒரு அம்மா. "மொட்ட போட்டாச்சுன்னு ஒரு வார்த்தை வூட்ல சொல்லணும் தம்பி." மாமா எங்களைக் கேட்காமலேயே லைனைப் பிடுங்கினார். இரண்டாவது தடவை நாற்பது. மூன்றாவது தடவை எழுபத்திரண்டு, நான் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலுக்கு வந்திருந்தேன். வேனில் வந்த பெரியவர் உள்ளே நுழைந்தார்.

"மாமா, ஒரு பத்து நிமிஷம்!" என்று கத்தினான் கூட்டாளி.

"ஏன் மாப்ள, ஆத்தாளப் பாக்க வந்தவங்கள வாசல்ல நிறுத்தச் சொல்றியா? உங்க ஃபைலு எங்கயும் ஓடிடாது."

"ஓடவே மாட்டேங்குதே, அதான் பிரச்சினை!" என்றேன் நான்.

மாமா சிரித்தார். முந்திரி வேலை செய்தது என்றுதான் நினைக்கிறேன். "உச்சிகால பூஜை மணி அடிக்கட்டும். ஒரு ஈ காக்கா ரோட்ல நிக்காது, எல்லாம் உள்ள போயிடும். அப்பப் போடு."

உட்கார்ந்தோம். மணி அடித்தது. மேளம் கேட்டது. பூத் வாசலில் இருந்த வரிசை மொத்தமும் செருப்பைக் கூட ஒழுங்காக விடாமல் கோயில் பக்கம் ஓடியது. நான் டவுன்லோடு பட்டனை அழுத்தினேன். வாழ்நாளில் அவ்வளவு பக்தியோடு அம்மனை நான் கும்பிட்டதில்லை. முப்பது. ஐம்பது. எண்பது. எண்பத்தெட்டில் ஒரு லாரி டிரைவர் வந்து நின்றார். சாமி கும்பிட வரவில்லை, டயர் வெடித்துவிட்டது, ஓனருக்குப் பேச வேண்டும்.

"லைன் டெட்டுங்கண்ணே" என்றான் கூட்டாளி, கண் சிமிட்டாமல்.

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன ஓடுது?"

"அது... வேற லைன். வாங்கண்ணே, பக்கத்துல ஒரு பூத் இருக்கு, நானே கொண்டு வுடுறேன்." மாமாவின் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் அந்த ஆஜானுபாகுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். வண்டியின் முன் சக்கரம் தரையைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. பக்கத்து பூத் பெரம்பலூரில் இருந்தது.

அவன் வேர்த்துத் திரும்பியபோது நான்கு மெகாபைட்டும் இறங்கியிருந்தது. பெரிய ஃபைலைத் துண்டாக வெட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று மாமாவிடம் இருந்தது. வெட்டி மூன்று ஃப்ளாப்பியில் ஏற்றினோம். நான் டீ குடிக்கப் போய் வந்த நேரத்தில் மாமா அந்த மூன்றையும் தட்டில் வைத்துக் கோயிலுக்கே கொண்டுபோய்விட்டு வந்திருந்தார். "புதுசா ஒரு காரியம் ஆரம்பிக்கிறீங்க. ஆத்தா காலடியில வச்சு எடுத்தாந்துட்டேன்." ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம். புது சைக்கிள், புது பீரோ, புது நோட்டு எதற்கும் எங்கள் ஊரில் இதுதான் முறை. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பைக்குள் போட்டேன்.

வியாழக்கிழமை லேப். முதல் ஃப்ளாப்பி ஏறியது. இரண்டாவதைச் செருகினேன். டிரைவுக்குள் அம்மி அரைக்கிற சத்தம். வெளியே எடுத்து அந்தத் தகர மூடியை நகர்த்திப் பார்த்தால், உள்ளே கறுப்பாக இருக்க வேண்டிய தட்டு சுமங்கலியாக இருந்தது. ஊதினேன். குங்குமம் என் சட்டையில் விழுந்தது.

"மூணாவதப் போட்டுப் பாரு" என்றான் கூட்டாளி.

"நடுத் துண்டு இல்லாம மூணாவத வச்சு என்னடா பண்றது?"

ஹெச்.ஓ.டி. எட்டிப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். "என்னப்பா, யாகம் நடத்துறீங்களா? பே ரோல் ரெக்கார்டு பைண்டிங் குடுத்துட்டியா?"

அவர் போனபிறகு, வேறு வழியில்லாமல், முதல் துண்டை மட்டும் பிரிக்கச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுத்தேன். பிரிக்காது என்றுதான் நினைத்தேன். அது மளமளவென்று பிரித்துக்கொண்டே போய், துண்டு முடிந்த இடத்தில், மூட்டை பாதியில் அறுந்திருக்கிறது என்று திட்டிவிட்டு நின்றது. அதுவரை பிரித்தது அப்படியே இருந்தது. பக்கங்கள் இங்கிலீஷ் அகரவரிசையில் அடுக்கியிருந்தன. 'ஏ' முதல் 'ஹெச்' வரை கையில் கிடைத்துவிட்டது. அனுமதி பற்றிய பக்கம் 'ஏ'யில், முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது.

படித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். மார்க் ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தோம். அது எந்த ஃபோல்டருக்குள் இருந்ததோ அதைத் திறக்கவில்லை. உள் ரூமை அகலத் திறந்துவைத்துவிட்டு வாசல் கேட்டில் பூட்டுப் போட்ட கதை. ஒரே ஒரு வரி அடித்தேன். கடைசி வரிசை கம்ப்யூட்டரில் இருந்து கூட்டாளி அலறினான்: "வந்துடுச்சுடா! என் மார்க் தெரியுது! கருமம், ஏன்டா இதப் போயி முதல்ல போட்ட?"

வெள்ளிக்கிழமை எக்ஸ்டர்னல் ஐந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்தார், தலையாட்டினார். பிறகு ஒரே கேள்வி: "நல்லா இருக்கு. இதுலயே பே ரோலும் சேர்த்திருக்கலாமே?" ஹெச்.ஓ.டி. விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் அன்று மாலையே அந்த மேனுவலை லேபின் எல்லா மெஷினிலும் ஏற்றச் சொன்னார். பாதிதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஜூனியர் ஒருவன் இரண்டு வருடம் கழித்து என்னை அரியலூர் பஸ்ஸில் பிடித்தான். "அண்ணே, நம்ம லேப் மேனுவல்ல 'ஹெச்'சுக்கு மேல சர்வரே கிடையாதா?"

"அதுக்கு மேல ஆத்தாகிட்ட இருக்குடா" என்றேன்.